சக்கரம் மாற்றும் முன் ஆயிலை மாற்றுங்கள்: பழைய எம்எக்ஸ்-5 வாங்கியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மஸ்தா எம்எக்ஸ்-5 காரின் முதல் இரண்டு தலைமுறைகளில் ஒன்றை, அதாவது 1989 முதல் 2005 வரை வந்த வண்டிகளில் ஒன்றை, பழையதாக வாங்கியிருக்கும் உங்களுக்காக இந்த மடல். லண்டனில் இருந்தாலும் டொராண்டோவில் இருந்தாலும் மெல்பர்னில் இருந்தாலும் உங்கள் வண்டியின் நிலை ஏறத்தாழ ஒன்றுதான். பல கை மாறி வந்திருக்கும். சர்வீஸ் புத்தகத்தில் என்ஜின் ஆயில் மாற்றியதற்கு முத்திரை இருக்கும்; கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி), கிளட்ச் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

வண்டி வந்த முதல் மாதமே புதுச் சக்கரம், சைலன்ஸர், தாழ்த்தும் ஸ்பிரிங் என்று பணம் போகிறது. எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். அவற்றுக்கெல்லாம் முன்னால், இரண்டு நாள் ஒதுக்கி, வண்டிக்குள் இருக்கும் எல்லாத் திரவங்களையும் உங்கள் கையாலேயே மாற்றுங்கள். போத்தலின் விலையைப் பார்த்து வாங்காதீர்கள். அது போய்ச் சேரும் இடத்தில் என்ன உலோகம், என்ன ரப்பர், எவ்வளவு சூடு என்று பார்த்து வாங்குங்கள்.

முதலில் வண்டியைத் தூக்குவது. கியர்பாக்ஸிலும் டிஃபரன்ஷியலிலும் அளவுக் கம்பி கிடையாது. நிரப்பும் துளையின் விளிம்புதான் அளவு. அதனால் வண்டி மட்டமாக இருந்தே ஆகவேண்டும். முன்பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டு ஊற்றினால் அளவு தப்பும். முன்னால் குறுக்குச் சட்டத்தின் நடுவிலும், பின்னால் டிஃபரன்ஷியல் கூட்டின் அடியிலும் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, நான்கு ஸ்டாண்டுகளில் இறக்கி வையுங்கள். ஆட்டிப் பார்த்து அசையவில்லை என்றால் மட்டும் அடியில் போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் வண்டிக்கு அடியில் தலை நீட்டக் கூடாது.

அடுத்த விதியை மறந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன் நிரப்பும் போல்ட்டைத் திறந்து பாருங்கள். இருபது வருடம் தொடாத போல்ட் இறுகிக் கிடக்கும். பழைய ஆயிலை வடித்துவிட்ட பிறகு மேல் போல்ட் திறக்கவில்லை என்று தெரிந்தால், காலிக் கியர்பாக்ஸோடு வண்டியை எங்கும் ஓட்டிப் போக முடியாது. இரண்டுக்கும் 24 மில்லிமீட்டர் சாக்கெட் பொருந்தும். ஆறு முனை சாக்கெட்டாக வாங்குங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் போல்ட்டின் மூலைகளை மழுக்கிவிடும்.

கியர்பாக்ஸ்தான் அதிகம் தவறு நடக்கும் இடம். ஐந்து கியர் பெட்டிக்கு 2 லிட்டர், இரண்டாம் தலைமுறையில் வந்த ஆறு கியர் பெட்டிக்கு 1.75 லிட்டர், தடிமன் 75டபிள்யூ-90 என்று எழுதிய கியர் ஆயில். மஸ்தாவின் கையேடு ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற இரண்டு கியர் ஆயில் தரங்களையும் ஏற்கிறது. ஆனாலும் நாங்கள் ஜிஎல்-4 மட்டுமே போடச் சொல்வோம். ஜிஎல்-5 என்பது டிஃபரன்ஷியலின் ஹைப்பாய்ட் பற்களுக்காக வந்தது. அந்தப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியபடியே அழுந்தும் என்பதால், கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம் அதில் ஏறக்குறைய இரட்டிப்பாக இருக்கும். கியர்பாக்ஸில் இருப்பதோ பித்தளை சிங்க்ரோ வளையங்கள். இரண்டு கூம்புகள் ஒன்றையொன்று உரசிப் பிடித்து வேகத்தைச் சமன்செய்தால்தான் கியர் விழும். ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் வளையம் பிடிக்காது, கியர் நெரிந்து விழும். பித்தளையை அரிக்கும் ஆபத்தும் சில ஜிஎல்-5 ஆயில்களில் உண்டு. ரெட் லைன் எம்டி-90 போன்றவை கியர்பாக்ஸுக்கென்றே செய்த ஜிஎல்-4. அதே நிறுவனத்தின் 75டபிள்யூ-90 என்று எழுதிய வேறொரு போத்தல் டிஃபரன்ஷியலுக்கானது. எண் ஒன்றாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டும் ஒரே லேபிளில் அச்சாகியிருந்தால் அதைப் பெரும்பாலும் ஜிஎல்-5 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

குளிர்ந்த காலையில் இரண்டாம் கியர் முரண்டு பிடிப்பது இந்த வண்டியின் சுபாவம். புது ஆயில் அதைக் குறைக்கும், முழுக்கப் போக்காது. சூடான பிறகும் நெரிந்தால் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. அதற்கு எந்த ஆயிலும் மருந்தாகாது.

பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு வடியுங்கள். காந்தம் உள்ள வடிகால் போல்ட்டில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். இரும்புச் சில்லு இருந்தாலோ, ஆயிலில் பொன்னிறத் துகள் நிறைய மின்னினாலோ கவலைப்பட வேண்டும். நிரப்ப இரண்டு வழி. அடியிலிருந்து கைப்பம்பில் ஏற்றலாம். இல்லையென்றால் என்ஜின் அறையிலிருந்து நீளமான குழாய் ஒன்றைக் கீழே இறக்கி, மேலே புனல் வைத்து ஊற்றலாம். போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்தெடுத்தால் ஆயில் வேகமாக இறங்கும். துளையில் வழிந்ததும் நிறுத்துங்கள். இறுக்கும் அளவு வடிகால் போல்ட்டுக்கு 40 முதல் 58 நியூட்டன் மீட்டர், நிரப்பும் போல்ட்டுக்கு 25 முதல் 39. அலுமினியக் கூட்டில் மரை போனால் அது தனி வேலை.

கியர் கம்பியின் அடியில் ஒரு சிறு கிண்ணம் இருக்கிறது. பெட்டியோடு சேராமல் தனியாக ஆயில் நிற்கும் இடம் அது. பெரும்பாலான வண்டிகளில் வறண்டே கிடக்கும். உள்ளே இருக்கும் வண்டலை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே கியர் ஆயிலில் 80 முதல் 90 மில்லி ஊற்றுங்கள். கம்பியைச் சுற்றியுள்ள உள் ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். காலடியில் அடிக்கும் சூட்டுக்கும் இரைச்சலுக்கும் அந்தக் கிழிசலே பாதிக் காரணம்.

டிஃபரன்ஷியல் எளிது. ஆரம்பகால 1.6 லிட்டர் என்ஜின் வண்டியின் சிறிய டிஃபரன்ஷியலுக்கு 0.65 லிட்டர், 1.8 வண்டியின் பெரியதற்கு 1 லிட்டர். இங்கே ஜிஎல்-5 தான் வேண்டும், ஜிஎல்-4 போடக் கூடாது. 75டபிள்யூ-90 போதும். 1994க்குப் பிறகு பல வண்டிகளில் டோர்சன் வகை உண்டு; ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் எல்எஸ்டி டிஃபரன்ஷியல்களில் ஒன்று அது. அது பற்களால் இயங்குவதால் ‘எல்எஸ்டி சேர்மானம்’ தேவையில்லை. முன்பு வைத்திருந்தவர் கிளட்ச் தட்டு வகையைப் பொருத்தியிருந்தால் மட்டும் அந்தச் சேர்மானம் கலந்த ஆயில் வேண்டும். மெதுவாகத் திரும்பும்போது பின்னால் கடகடவென்று உதறினால் அந்த வகை இருக்கக்கூடும்.

என்ஜின் ஆயில் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறோம். ஃபில்டரோடு மாற்றினால் 1.6க்கு ஏறத்தாழ மூன்றரை லிட்டர், 1.8க்கு 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 5டபிள்யூ-30 சாதாரண ஓட்டத்துக்குப் போதும். கோடையில் டிராக்கில் சுற்றுவதாக இருந்தால் 5டபிள்யூ-40. 150 டிகிரிச் சூட்டில் உராயும்போது மிஞ்சும் தடிமன் 5டபிள்யூ-30க்குக் குறைந்தது 2.9 மில்லிபாஸ்கல் விநாடி, 5டபிள்யூ-40க்குக் குறைந்தது 3.5; பேரிங்குக்கு நடுவே நிற்கும் படலத்தின் பலம் அதைப் பொறுத்தது. அதற்கும் மேலே 20டபிள்யூ-50 என்று போக வேண்டாம். முதல் தலைமுறை என்ஜின்களில், வால்வுகளைத் தள்ளும் இடத்தில், ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் இருக்கின்றன. குளிரில் தடித்த ஆயில் அவற்றின் சிறு துளைகளுக்குள் போகத் தாமதமாகும்; அப்போது டிக்டிக் என்ற சத்தம் நீளும்.

ஃபில்டர் இன்டேக் மேனிஃபோல்டின் அடியில் ஒளிந்திருக்கிறது. கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்ததா என்று கண்ணால் பாருங்கள். அது என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, மேலே புதியதை மாட்டினால் இரட்டை வளையமாகிவிடும். கிளப்பிய சில நொடிகளில் ஆயில் முழுக்கத் தரையில் இருக்கும். புது வளையத்தில் ஆயில் தடவி, அது தொட்டதிலிருந்து முக்கால் சுற்று கையாலேயே இறுக்குங்கள். சம்ப் (என்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) போல்ட்டுக்குப் புது வாஷர், 30 முதல் 40 நியூட்டன் மீட்டர்.

இனி பிரேக். உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் இங்கே நின்று பேசுகிறோம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ரப்பர் ஹோஸ் வழியாகவே ஈரம் உள்ளே போகும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது தரம். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்ததும் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205, 140. டாட் 5.1 என்றால் 260, 180. மலைப்பாதையில் இறங்கும்போதோ டிராக்கில் நான்கைந்து சுற்று போன பிறகோ காலிப்பருக்குள் (சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் பகுதி) ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியை அமுக்க முடியும். அதனால் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. கால் மணி நேரம் ஆறவிட்டால் மிதி பழையபடி திரும்பிவிடும். ‘சரியாகிவிட்டது’ என்று மறுபடி கிளம்புவது இதனால்தான், அதுதான் பெரிய ஆபத்து.

சாலைக்கு நல்ல டாட் 4 அல்லது 5.1, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. டிராக் போகிறவர்கள் ஏடிஈ டைப் 200 போன்றதை எடுக்கலாம். அது உலர்ந்த நிலையில் 280, ஈரம் சேர்ந்த நிலையில் 198. டாட் 5 மட்டும் வேண்டாம். அது சிலிகான், மற்றவற்றோடு கலக்காது. பெயர் 5.1க்கு அருகில் இருப்பதால் கடையில் கை தவறும். திறந்து பல மாதம் அலமாரியில் இருந்த போத்தலையும் ஊற்றாதீர்கள்.

ஒரு லிட்டர் வாங்கினால் தாராளம். முதலில் மேல் டப்பாவில் இருக்கும் கறுத்த ஆயிலை ஊசிக்குழலால் உறிஞ்சிவிட்டுப் புதியதை நிரப்புங்கள். மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். வலப்பக்க ஸ்டீயரிங் வண்டிக்கு இடது பின், வலது பின், இடது முன், வலது முன். இடப்பக்க ஸ்டீயரிங்குக்கு இதை மாற்றிப் போடுங்கள். சக்கரத்தின் பிரேக்கில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளில் தெளிவான குழாய் மாட்டி, அதன் நுனி சிறு பாட்டிலில் உள்ள ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். உள்ளே இருப்பவர் மிதிக்க வேண்டும், நீங்கள் திறக்க வேண்டும், மூடிவிட்டேன் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். மிதியின் அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதி துருப்பிடித்திருக்கும். வழக்கமாகப் போகாத அந்த ஆழத்துக்கு மிதித்தால் ரப்பர் சீல் கிழியும். டப்பாவில் ஆயில் கீழ்க்கோட்டுக்கு இறங்க விடாதீர்கள், காற்று புகுந்துவிடும். நிப்பிள் உள்ளே துளை உள்ள பொருள். முரட்டுத்தனமாக இறுக்கினால் ஒடியும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். பெயிண்டில் சிந்தினால் துடைக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கிளட்சுக்கும் அதே ஆயில், தனி டப்பா. அளவு மிகக் குறைவு என்பதால் விரைவில் கறுக்கும். கியர்பாக்ஸ் பக்கவாட்டில் உள்ள சிறிய சிலிண்டர் இந்த வண்டியில் அடிக்கடி போகும். அதன் ரப்பர் உறையை மெல்ல விலக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஆயில் மாற்றி நேரத்தை வீணாக்காமல் சிலிண்டரையே மாற்றுங்கள். பவர் ஸ்டீயரிங் இருந்தால் டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்). டப்பாவை உறிஞ்சி நிரப்பி, சில நாள் ஓட்டி, மறுபடி அதையே செய்தால் பெரும்பகுதி மாறிவிடும். அந்த ஏடிஎஃப் ஒரு துளிகூடப் பிரேக் டப்பாவில் விழக் கூடாது. விழுந்தால் ரப்பர் சீல் எல்லாம் உப்பிப் போகும்.

கடைசியாகக் கூலண்ட். மொத்தம் 6 லிட்டர். என்ஜின் முழுக்க ஆறிய பிறகே மூடியைத் திறக்கவும். ரேடியேட்டரின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் திறந்து வடித்தாலும் என்ஜினுக்குள் கொஞ்சம் தங்கிவிடும். ஆகவே காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓட்டி, தெளிந்து வரும்வரை வடியுங்கள். பிறகு கலக்காத கூலண்ட் 3 லிட்டரை முதலில் ஊற்றி, மீதியைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்புங்கள். உள்ளே எவ்வளவு நீர் தங்கியிருந்தாலும் கலவை பாதிக்குப் பாதியாகவே அமையும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். நிறத்தைப் பார்த்தும் கலக்காதீர்கள், நிறத்துக்குத் தரம் எதுவும் கிடையாது. அலுமினிய ஹெட்டுக்கு ஏற்ற, ஜப்பானிய வண்டிக்கென்று எழுதிய, சிலிக்கேட் இல்லாத வகையை எடுங்கள். முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, மூடி திறந்தபடியே ஓடவிட்டால் காற்று வெளியேறும்.

அந்த நேரத்தில் ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டியைப் பாருங்கள். புதிதில் கறுப்பாக இருந்தது பழுப்பாகவோ மங்கிய பச்சையாகவோ மாறியிருந்தால் அது வெடிக்கக் காத்திருக்கிறது. கூலண்ட் ஊற்றும் முன்பே ரேடியேட்டரை மாற்றுங்கள். டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய தூரம் நெருங்கியிருந்தால் கூலண்டையும் அதோடு தள்ளிவையுங்கள். வாட்டர் பம்ப் அந்த பெல்ட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது, எப்படியும் வடிக்க வேண்டிவரும்.

பழைய கூலண்ட் இனிக்கும், ஆனால் விஷம். பூனையும் நாயும் குழந்தையும் தொடாத இடத்தில் மூடி வையுங்கள். ஆயிலையும் கூலண்டையும் பிரேக் ஆயிலையும் ஒரே கேனில் ஊற்றாதீர்கள். கலந்த கழிவை ஊராட்சிக் கழிவு மையத்தில் வாங்க மறுப்பார்கள். தனித்தனிக் கேனில், மேலே பெயர் எழுதி எடுத்துப் போங்கள்.

வேலை முடிந்ததும் மிதி கெட்டியாக இருக்கிறதா என்று நின்ற இடத்திலேயே பாருங்கள். தெருவில் மெதுவாக ஒரு சுற்று போய் வந்து, அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் எந்தப் போல்ட்டுக்கு நேராகச் சொட்டு விழுந்திருக்கிறது என்று அட்டை காட்டும். தேதி, கிலோமீட்டர், ஆயிலின் பெயர் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி பானெட்டின் உட்புறம் ஒட்டிவையுங்கள். உங்களுக்குப் பிறகு இந்த வண்டியை வாங்கப் போகிறவருக்கும் அது வேண்டும்.

அன்புடன்,
பழைய எம்எக்ஸ்-5 வண்டிகளில் கைவைத்து வேலை செய்யும் சிலர்