பேட்டரி செல்லில் மட்டும் மிச்சம் பிடிக்காதே

அன்பு மகன் செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் கடிதமும், வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் வேப் (இ-சிகரெட்) பெட்டியை வீட்டிலேயே செய்ய நீ வரைந்து அனுப்பிய சர்க்யூட்டும் வந்தன. சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறியதில் எனக்கு வருத்தமில்லை. நீ இருக்கும் நாட்டு மருத்துவத்துறையே புகைப்பதைவிட அது குறைவான கேடு என்றுதான் சொல்கிறது, கேடே இல்லை என்று சொல்லவில்லை. அதைப் பற்றி அம்மா தனியாக எழுதுவாள். நான் சர்க்யூட்டுக்கு வருகிறேன்.

வோல்ட்டை இறக்க எல்எம்317 ரெகுலேட்டர் ஐசி போட்டால் போதுமா என்று கேட்டிருந்தாய். போதாது. வேப் திரவத்தைச் சூடாக்கும் 1.5 ஓம் காயிலுக்கு 4 வோல்ட் கொடுத்தால் 2.67 ஆம்பியர் ஓடும். அந்த ஐசி தருவது 1.5 ஆம்பியர்தான். இன்னும் பெரிய லீனியர் ரெகுலேட்டர் (மிகுந்த வோல்ட்டைச் சூடாக வீணாக்கும் வகை) போட்டாலும் கணக்கு உதைக்கும்: 8 வோல்ட்டை 4 வோல்ட்டாக இறக்கும்போது காயிலில் எரியும் அதே பத்தே முக்கால் வாட் ரெகுலேட்டரிலும் எரியும். சட்டைப் பைக்குள் வைக்கிற பெட்டியில் அந்தச் சூட்டுக்குப் போக இடமில்லை. வேகமாக ஆன்-ஆஃப் செய்து, அதிகம் சூடாகாமல் வோல்ட்டை இறக்கும் ஸ்விட்சிங் பக் கன்வெர்ட்டர்தான் வேண்டும்.

அதிலும் மலிவு பார்த்து, 5 ஆம்பியர் என்று விற்கிற எக்ஸ்எல்4015 போர்டை வாங்கிவிடாதே. அந்த ஐசிக்கு உள்ளீடு 8 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. இரண்டு லித்தியம் செல் சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) முழு சார்ஜில் 8.4 வோல்ட். பட்டனை அழுத்திய சிறிது நேரத்தில் 8-க்குக் கீழே போய்விடும். பிறகு அது என்ன செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். எல்எம்2596 போர்டு 4.5 வோல்ட்டிலிருந்து ஓடும், ஆனால் 3 ஆம்பியர் என்று எழுதியிருப்பதை 2 என்று படித்துக்கொள்.

இந்த வேலைக்கு வீட்டில் செய்கிறவர்கள் வழக்கமாக எடுத்தது முராட்டாவின் ஓகேஆர்-டி/10. தபால்தலை அளவு போர்டு, ஐந்து கால்கள், 10 ஆம்பியர் வரை தாங்கும். 4.5 முதல் 14 வோல்ட் வரை உள்ளீடு ஏற்கும். ஆகவே ஒற்றைச் செல்லில் ஓடாது, இரண்டு 18650 செல் (உருளை வடிவ லித்தியம் செல்லின் அளவுப் பெயர்) சீரிஸில் வேண்டும். உள்ளீடு எப்போதும் வெளியீட்டைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால் செல் தீரும் நேரத்தில் உச்ச வோல்ட் தானாகக் குறையும். அது பழுது அல்ல.

வோல்ட்டை மாற்றுவது டிரிம் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே போடும் ரெசிஸ்டர். கணக்கு எளிது: 1.182-ஐ அந்த ரெசிஸ்டரின் கிலோ ஓமால் வகுத்து, 0.591 கூட்டினால் வெளியீட்டு வோல்ட். 240 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் 200 ஓம் வால்யூம் கன்ட்ரோல் ஒன்றையும் சீரிஸில் போடு. கன்ட்ரோல் ஒரு முனையில் 240 ஓம் மட்டும் நின்றால் 5.5 வோல்ட், நடுவில் 340 ஓம் என்றால் 4.07, மறுமுனையில் 440 ஓம் என்றால் 3.28. காயிலுக்குத் தேவையான வீச்சு முழுவதும் இதற்குள் வந்துவிடும். 200 ஓம் கிடைக்கவில்லை என்று 500 ஓம் போட்டால் பாதிச் சுற்று 3 வோல்ட்டுக்குக் கீழே வீணாகிவிடும், நுணுக்கமாகத் திருகவும் வராது. நீ வரைந்த படத்தில் அந்த 240 ஓம் இல்லை. அதை விடவே கூடாது. கன்ட்ரோலைக் கடைசி வரை திருப்பினால் ரெசிஸ்டன்ஸ் பூஜ்யமாகிவிடும், அந்த நேரத்தில் வோல்ட்டுக்கு எல்லை கட்டுவது அந்த ஒரு ரெசிஸ்டர்தான். இந்த அமைப்பில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: கன்ட்ரோலின் உள்ளே தொடர்பு விட்டுப்போனால் வோல்ட் ஏறாது, 0.591-க்கு இறங்கிவிடும். மலிவு விலை பக் போர்டுகள் பலவற்றில் இதற்கு நேர்மாறாக நடக்கும்.

பட்டன் வழியாக முழுக் கரண்டையும் ஓட விடாதே. சின்னப் பட்டனின் உள்தகடு 5 ஆம்பியரில் கருகி ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் விடாமல் எரியும். கேட் காலுக்கு வோல்ட் கொடுத்தால் பெரிய கரண்டை ஓடவிடும் மாஸ்ஃபெட் ட்ரான்சிஸ்டர் போடு. ஐஆர்எல்பி3034 நல்லது, கிடைக்காவிட்டால் ஐஆர்எல்இசட்44என் போதும். எழுத்து உன்னைப் பார்க்கும்படி பிடித்தால் இடமிருந்து கேட், டிரெயின், சோர்ஸ். சோர்ஸ் செல்லின் மைனஸுக்கு. டிரெயின் கன்வெர்ட்டரின் கிரவுண்ட் காலுக்கு. கேட்டிலிருந்து சோர்ஸுக்கு 15 கிலோ ஓம். பியூஸ் தாண்டிய பிளஸிலிருந்து பட்டன் வழியாக, 100 ஓம் வைத்து, கேட்டுக்கு. அந்த 15 கிலோ ஓம் இல்லாவிட்டால் விரலை எடுத்த பிறகும் கேட்டில் மின்னேற்றம் தங்கி, காயில் எரிந்துகொண்டே இருக்கும். கன்வெர்ட்டரின் உள்ளீட்டுக் கால்களை ஒட்டி 22 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று வை. ஆன்-ஆஃப் காலை இந்த அமைப்பில் நாம் பயன்படுத்தவில்லை. அதைச் சும்மா விடலாமா, எங்காவது இணைக்க வேண்டுமா என்பது நீ வாங்கும் மாடலைப் பொறுத்தது, டேட்டா ஷீட்டைப் பார்த்துச் செய்.

இப்போது அதிகம் பேர் தவறுகிற இடத்துக்கு வருகிறேன். மாஸ்ஃபெட் மைனஸ் பக்கம் இருப்பதால், கன்வெர்ட்டரின் கிரவுண்டும் செல்லின் மைனஸும் ஒன்றல்ல. அட்டமைசர் (காயிலும் பஞ்சும் உள்ள மேல் பகுதி) மாட்டும் 510 கனெக்டரின் வெளி உலோகம் கன்வெர்ட்டர் கிரவுண்டில் இருக்கிறது, நடு ஊசிதான் பிளஸ். அலுமினியப் பெட்டியில் 510-ஐ இறுக்கினால் பெட்டி முழுவதும் அந்தக் கிரவுண்டாகிவிடும். செல்லின் மைனஸ் கம்பி எங்காவது பெட்டியைத் தொட்டால் மாஸ்ஃபெட்டுக்கு வேலையே இல்லை, பட்டன் இல்லாமலே எரியும். அதனால் பிளாஸ்டிக் பெட்டி எடு. ஏபிஎஸ் ப்ராஜெக்ட் பாக்ஸ் விலையும் குறைவு, துளை போடவும் எளிது. மாஸ்ஃபெட்டின் முதுகுத் தகடும் டிரெயின்தான் என்பதை மறக்காதே.

மாஸ்ஃபெட் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட்டாகவே கெடும், அதாவது ஆன் நிலையில் நின்றுவிடும். எனவே வெளியே போகும்போது அணைத்துவைக்க 10 ஆம்பியர் ராக்கர் ஸ்விட்ச் ஒன்று தனியாக வேண்டும். பியூஸும் வேண்டும். காரில் போடும் மினி பிளேடு பியூஸ், 7.5 ஆம்பியர், செல்லின் பிளஸ் முனைக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக. 1 ஓமுக்குக் குறையாத காயில் என்றால் உச்சத்தில் 5.5 ஆம்பியர், 30 வாட். செல் பக்கம் அதற்கும் சற்றுக் குறைவாகவே ஓடும். ஆக 7.5 தாராளம். 1 ஓமுக்குக் கீழே போகாதே. கன்வெர்ட்டர் தாங்கும் என்பது காரணமாகாது.

செல்லைத் தலைகீழாகப் போட்டால் மாஸ்ஃபெட் தடுக்காது. அதனுள் இருக்கும் டையோடு வழியாகக் கரண்ட் பாய்ந்து கன்வெர்ட்டர் போய்விடும். ஹோல்டரில் சிவப்பு பெயின்ட்டால் பெரிதாக பிளஸ் குறி போடு.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடங்கள் பெட்டி, குமிழ், வோல்ட்மீட்டர். 4 முதல் 30 வோல்ட் வரை சப்ளை ஏற்கும் மூன்று வயர் மீட்டர் எது கிடைத்தாலும் போதும். சிவப்பை பியூஸுக்கு அப்பால், கருப்பை கன்வெர்ட்டர் கிரவுண்டில், மூன்றாவது வயரை வெளியீட்டில் இணைத்தால் பட்டன் அழுத்தும்போது மட்டும் எரியும். செல், ஹோல்டர், 510 இந்த மூன்றிலும் பைசா பார்க்காதே.

செல் உள்ளூரில் பெயர் உள்ள வேப் கடையிலோ செல் மட்டும் விற்கும் கடையிலோ வாங்கு. சாம்சங் 25ஆர், எல்ஜி எச்ஜி2 இரண்டும் 20 ஆம்பியர் தருபவை, முறையே 2500, 3000 எம்ஏஎச். 9900 எம்ஏஎச் என்று அச்சிட்டு விற்பதெல்லாம் பித்தலாட்டம். 18650 அளவில் 3500-ஐ ஒட்டித்தான் வரும், அப்படி வருவதும் கூடுதல் கரண்ட் தராது. பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுக்கலாமா என்று கேட்டாயே, வேண்டாம். இரண்டு செல்லும் ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியவையாக இருக்கட்டும். அ, ஆ என்று எழுதி ஜோடி பிரிக்காமல் பயன்படுத்து. சீரிஸில் பலவீனமான செல் முதலில் தீரும், மற்றது அதன் வழியாகக் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும், மெலிந்தது 2.5 வோல்ட்டுக்கும் கீழே இழுபடும். அப்படி இழுபட்ட செல்லை மறுபடி சார்ஜ் செய்யும்போதுதான் ஆபத்து. 2 செல் சீரிஸுக்கான 10 ஆம்பியர் பாதுகாப்பு போர்டு (பிஎம்எஸ்) ஒன்றை உள்ளே வைத்துவிடு. ஆனால் சார்ஜ் மட்டும் பெட்டிக்குள் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் தனி அறை உள்ள சார்ஜரில் 4.20 வரை.

18650-ல் பிளஸ் என்பது நடுவில் இருக்கும் பொத்தான் மட்டும்தான். அதைச் சுற்றி உள்ள விளிம்பு உட்பட டப்பா முழுவதும் மைனஸ். மேல் உறை அந்த விளிம்பில் சின்னதாகக் கிழிந்தாலும் ஹோல்டரின் தகடு இரண்டையும் சேர்த்துத் தொட்டுவிடும். கிழிந்த செல்லுக்குப் புதிய சுருங்கு உறையும் தாள் வளையமும் போடாமல் உள்ளே வைக்காதே. செல்லில் நேரடியாகச் சால்டர் வைக்காதே. ஹோல்டரில் மெல்லிய கம்பிச் சுருள் ஸ்பிரிங் இருந்தால் ஒதுக்கு. 5 ஆம்பியரில் ஸ்பிரிங் சூடாகி, சூட்டில் தளர்ந்து, தளர்ந்ததால் இன்னும் சூடாகி, கடைசியில் பிளாஸ்டிக்கை உருக்கும். அகலத் தகடு வைத்த ஹோல்டர் எடு. பவர் வயர் எல்லாம் 18 கேஜ் சிலிகான். செல் இருக்கும் பக்கம் பெட்டியின் அடியில் 6 மில்லிமீட்டர் துளை நான்கு போடு, செல் வாயு கக்கினால் வெளியேற வழி வேண்டும்.

ஒட்டி முடித்ததும் செல்லைப் போட்டுப் பார்க்கத் துடிப்பாய். முதலில் ரவுட்டரோடு வரும் 12 வோல்ட் அடாப்டரில் ஓட்டு. 14-க்குள் இருப்பதால் கன்வெர்ட்டர் ஏற்கும், எங்காவது ஷார்ட் இருந்தாலும் அடாப்டர் கட் ஆகிவிடும், செல் கட் ஆகாது. லேப்டாப் அடாப்டர் 19 வோல்ட், அதை எடுத்துவிடாதே. பட்டனை அழுத்திக் குமிழை இரு முனைக்கும் திருப்பி 3.28, 5.5 வருகிறதா பார். பிறகு 1.5 ஓம், 50 வாட் அலுமினிய ரெசிஸ்டரை 510-ல் கட்டி 4 வோல்ட்டில் பத்து விநாடி அழுத்து. லோடு இல்லாதபோது 4 காட்டி லோடில் 3.6 காட்டினால் எங்கோ சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை. விரல் வைத்துப் பார்த்தால் சூடான மூட்டு தானே காட்டிக்கொடுக்கும். விரலை எடுத்ததும் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும்.

காயில் விஷயம் சுருக்கமாக. காயில் சுற்றப் பயன்படும் 28 கேஜ் காந்தல் ஏ1 கம்பி மீட்டருக்கு 18 ஓம். 2.5 மில்லிமீட்டர் ஊசியில் எட்டுச் சுற்றுச் சுற்றினால் கால்களும் சேர்த்து ஏறக்குறைய 1.5 ஓம் வரும். மல்டிமீட்டரின் புரோப் வயரே 0.2, 0.3 ஓம் காட்டும். இரண்டு முனையையும் சேர்த்து வைத்து வரும் எண்ணைக் கழித்துக்கொள். 3.3 வோல்ட்டில் தொடங்கி மெல்ல ஏற்று. பஞ்சு காய்ந்த நிலையில் வோல்ட்டைக் கூட்டினால் திரவத்தில் உள்ள கிளிசரின் கருகும், தொண்டையைக் கிழிக்கும் அந்தக் காரல் ஆல்டிஹைடுகளின் வேலை. அந்தச் சுவை வந்தால் பஞ்சை மாற்று, வோல்ட்டை மாற்றிச் சமாளிக்காதே.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். கூட்டிப் பார்த்தால் நல்ல செல், சார்ஜர், இந்தச் சாமான்கள் எல்லாம் சேர்ந்து, கடையில் ரெகுலேட்டட் பெட்டி ஒன்றுக்குக் கேட்கும் விலையை எட்டிவிடும். கடைப் பெட்டியில் பட்டனைப் பத்து விநாடி அழுத்தினால் தானே அணையும் வசதி இருக்கும், உன் பெட்டியில் இருக்காது. செலவு மிச்சம் என்பதற்காக மட்டும் செய்வதானால் வேண்டாம். பழுதானால் நீயே பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் செய்.

பொங்கலுக்கு வரும்போது இதைக் கொண்டு வராதே. இங்கே 2019-ல் வந்த சட்டம் இ-சிகரெட்டை இறக்குமதி செய்வதையே குற்றமாக்கியிருக்கிறது. நீயே செய்தது, சொந்த உபயோகத்துக்கு என்று விமான நிலையத்தில் வாதாடிப் பார்க்க வேண்டாம்.

படத்தைத் திருத்தி வரைந்து அனுப்பு. செல் போடுவதற்கு முன்னால் உள்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, மைனஸ் வயர் எந்த வழியாகப் போகிறது என்பது தெரியும்படி.

இப்படிக்கு,
அப்பா