தொம்பை தைக்கும் அத்தாவுக்கு ஒரு நன்றி மடல்

வணக்கம்.

சென்னைப் பாய்மரப் போட்டியில் கடைசி ரேஸும் முடிந்து எங்கள் பாப்பா கரையேறிவிட்டாள். படகைக் கழுவி, பாயை உலர்த்திச் சுருட்டி வைத்தாயிற்று. மனசு இன்னும் ஆறவில்லை. அது ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல். போட்டிக்கு முன், ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலிருந்து கிளம்பிய படகு, வழியில் கட்டு அவிழ்ந்து அடிபட்டு, பாய் கிழிந்து மதுரைக்கு வந்து சேர்ந்த கோலத்தை உங்களில் பாதிப் பேர் நேரிலேயே பார்த்தீர்கள். யார் கட்டினார்கள், எங்கே அவிழ்ந்தது என்ற பேச்சை இங்கே எடுக்கப் போவதில்லை.

அந்த இரண்டு நாள் நாம் ஏன் அப்படிப் பதறினோம் என்பதை மட்டும், பாய்மரப் போட்டி பார்த்திராதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். இந்த விளையாட்டில் முதலாவது வந்தால் 1 புள்ளி, இரண்டாவது வந்தால் 2. கடைசியில் யாருக்குக் குறைவோ அவருக்கே வெற்றி. 30 படகு பதிவாகியிருந்தால், தண்ணீரில் இறங்காத படகுக்கு 31 புள்ளி. பெரும்பாலான தொடர்களில் ஆக மோசமான ஒரு ரேஸை மட்டும் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஒரே நாளில் இரண்டு, மூன்று ரேஸ் நடக்கும். ஆகவே ஒரு நாள் தவறினால் ஒன்று கழியும். மற்றதெல்லாம் கடைசி நாள் வரை கூடவே வரும். அதற்குப் பிறகு எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் ஈடுகட்டுவது கஷ்டம்.

புதுப் பாய் வாங்கிவிட வேண்டியதுதானே என்று அக்கறையோடு கேட்டவர்கள் உண்டு. பாப்பா ஓட்டுவது ஐஎல்சிஏ 4 என்ற, ஒருவர் மட்டும் ஓட்டுகிற படகு வகுப்பு. படகின் நீளம் சுமார் 4.2 மீட்டர், எடை 59 கிலோ, பாய் 4.7 சதுர மீட்டர். வகுப்பின் அனுமதி பெற்ற தயாரிப்பாளர் செய்த பாயைத்தான் ஏற்றலாம். நினைத்த மாத்திரத்தில் மதுரையில் கிடைக்கிற சாமான் அல்ல அது. ஆனால் பழுது பார்க்க விதியே இடம் தருகிறது. மூலப் பாயின் வடிவமும் தன்மையும் வேலையும் மாறக் கூடாது, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கிழிசல் இருந்த இடம் மோசமான இடம். பேட்டன் என்பது பாய் விறைப்பாக நிற்க அதிலுள்ள பைக்குள் செருகும் மெல்லிய பட்டை. நடு பேட்டனின் உள்முனை துணியைக் குத்திக்கொண்டு வெளியே வந்து, பேட்டன் பையின் தையல் விட்டு, லீச் பக்கமாக ஒரு சாண் நீளத்துக்குப் போயிருந்தது. லீச் என்பது பாயின் பின் விளிம்பு, மேல் நுனியிலிருந்து பூம் (பாயின் அடியில் படுக்கையாக நிற்கும் கம்பு) கடைசி வரை இறங்குவது. பாயைக் கட்டுப்படுத்தும் கயிறான மெயின்ஷீட்டை இழுக்கும்போது பெரும் பாரம் அந்த விளிம்பில்தான் விழும். அங்கே ஒட்டுத் துணி இறுகினால் விளிம்பு உள்ளே வளைந்து காற்றைச் சிறைபிடிக்கும், படகு ஒரு பக்கமாகச் சாயும். தளர்ந்தால் விளிம்பு படபடத்துக்கொண்டே இருக்கும், அந்தப் படபடப்பில் துணியில் ஏற்றியிருக்கும் பிசின் விட்டுப்போய் பாய் தொளதொளத்துவிடும்.

மதுரை குன்னத்தூர் சத்திரத்தில், முன்பு மீனாட்சி அம்மன் கோயில் எதிரே புது மண்டபத்தில் கடை இருந்த காலத்திலிருந்தே கோயில் குடையும், தேரில் தொங்கும் குழாய் வடிவத் துணி அலங்காரமான தொம்பையும் தைத்து வருகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அங்கே எல்லோருக்கும் அவர் அத்தா. எங்களுக்கும் அப்படியே ஆகிவிட்டார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. பாயைப் பார்த்த மற்றவர்கள் எல்லோரும் "எப்ப வேணும்?" என்றுதான் கேட்டார்கள். அதிலும் தப்பில்லை. அத்தா மட்டும் துணியை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எந்தப் பக்கம் இழுக்கும், சொல்லுங்க தம்பி" என்றார்.

கடலில் பாய் ஏறிப் பார்த்திராத ஒருவர் கேட்ட கேள்வி இது. பாய் தைப்பதில் முதலும் முக்கியமுமான கேள்வியும் இதுதான்.

விரலைத் துணியில் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு போகலையே. முதல்ல அலசிட்டு வாங்க." உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், டேப் ஒட்டாது, ஒட்டினாலும் ஓரம் தூக்கும். நல்ல தண்ணீரில் அலச வேண்டும். கசக்கவோ பிழியவோ கூடாது, மடிப்பு விழுந்த இடத்தில் பிசின் உடையும். காயப்போடுவது நிழலில்.

ஒட்டுக்கு, ஓய்வு கொடுத்த பழைய பாய் ஒன்றை எடுத்துப் போயிருந்தோம். பாய்த் துணியான டாக்ரான் என்பது இறுக்கி நெய்து பிசின் ஏற்றிய பாலியஸ்டர் துணி. பாவு (நீள நூல்) வழியாக இழுத்தாலும் ஊடை (குறுக்கு நூல்) வழியாக இழுத்தாலும் அசையாது. கிராஸாக, அதாவது மூலைவாட்டில் இழுத்தால் கொடுக்கும். இந்த வகைப் பாயில் ஊடை நூல் லீச்சை ஒட்டியே இறங்கும்படிதான் துணியை வெட்டி இணைத்திருப்பார்கள். அத்தாவுக்கு நாங்கள் இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. பழைய துணியை நேரே, குறுக்கே, மூலைக்கு மூலை என்று மூன்று விதமாக இழுத்தார். பாயையும் அதே போல இழுத்தார். ஊடையை ஊடையோடு சேர்த்து வைத்துப் பென்சிலில் கோடு போட்டார். கிழிசலைச் சுற்றி நாலு பக்கமும் சுமார் 5 செண்டிமீட்டர் அதிகம் விட்டு வெட்டினார். மூலைகளில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து வளைத்தார். கூர்மூலை இருந்தால் முதலில் உரிவது அங்கேதான்.

குண்டூசி குத்த விடவில்லை. டாக்ரானில் விழுந்த துளை மூடாது. இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பைப் போட்டு, விரல் நகத்தால் நடுவிலிருந்து வெளிப்புறமாக அழுத்திக்கொண்டே போனார். நூல் பாலியஸ்டர். பருத்தி நூல் வெயிலுக்கும் உப்புக்கும் மக்கிவிடும், நைலான் நீளும். ஊசி 16ஆம் நம்பர். தடித்த ஊசி போட்டுத் தையலையும் நெருக்கினால் துளையும் துளையும் சேர்ந்து அந்த வரியிலேயே துணி கிழியும்.

அதன் பிறகு தன் மெஷினை விட்டு எழுந்தார். "என்னோடது நேர்த்தையல். இதுக்கு ஆகாது" என்று சொல்லி, பக்கத்தில் சேலைக்கு ஃபால்ஸும் ஜிக்ஜாக்கும் அடிக்கிற அக்காவின் கடைக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் சொன்னது முழுக்கச் சரி. துணி இழுபடும்போது நேர்த்தையலில் நூலுக்கு விட்டுக்கொடுக்க இடமில்லை, அறுந்துவிடும். ஜிக்ஜாக்கில் நூல் கூடவே வளைந்துகொடுக்கும். அந்த அக்கா தையல் நீளத்தை முழுக்கக் கூட்டி வைத்து, கடை சாத்துகிற நேரத்தில் முகம் சுளிக்காமல் இரண்டு வரி ஓட்டித் தந்தார். பாயின் பாரம் ஊசியை இழுத்துவிடாமல் இருக்க, மறுபக்கம் முழுப் பாயையும் தோளில் தாங்கிக்கொண்டு அத்தா மெதுவாக நகர்ந்துகொண்டே வந்தார்.

எங்களால் மறக்க முடியாதது அடுத்து நடந்ததுதான். பாயின் மேல் நுனியை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழ் மூலையைப் பாப்பாவின் கையில் கொடுத்து, "மெல்ல இழு தாயி" என்றார். விளிம்போடு ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார். ஒட்டின் கீழ்க்கோடியில் மெல்லிய சுருக்கம் ஒன்று தெரிந்தது. பாய் ஓட்டுகிற நாங்களே, பரவாயில்லை, போதும் என்று சொல்லிவிட்டோம். "தொம்பையில ஒரு தையல் இறுகுனா, தொங்கவிட்டதும் முழுசும் முறுக்கிக்கும். இதுவும் தொங்குற துணிதானே" என்று சொல்லி, ஒரு சாண் தையலையும் பிளேடால் ஒவ்வொரு கண்ணாக வெட்டிப் பிரித்தார். துணியில் கீறல் விழவில்லை. பழைய துளைகளிலேயே ஊசி இறங்கும்படி அந்த அக்காவை மறுபடி ஓட்டச் சொன்னார். நூலுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

சென்னையில் ஒரு நாள் நல்ல காற்று, ஒரு நாள் சுத்தமாகக் காற்றே இல்லை. இரண்டிலும் விளிம்பு நேராக நின்றது.

சாம்பியன்களைப் பற்றிப் படிக்கும்போது நாம் இடங்களை மட்டும் எண்ணுகிறோம். நம் பிள்ளைகள் சுவரில் ஒட்டி வைத்திருக்கிற நேத்ரா குமணனையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் தமிழ்நாடு பாய்மரச் சங்கத்தின் கோடை முகாமில் தொடங்கியவர். 2020 ஜனவரியில் மியாமி உலகக் கோப்பையில் வெண்கலம். 2021 ஏப்ரலில் ஓமனின் முசன்னாவில் தகுதி பெற்று, ஒலிம்பிக்கில் பாய்மரம் ஏற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 44 பேரில் 35ஆம் இடம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 21. நெதர்லாந்தின் மாரிட் பௌமீஸ்டர், நேத்ரா ஓட்டும் அதே ஐஎல்சிஏ 6 வகுப்பில் (பாப்பாவின் படகேதான், பாய் மட்டும் பெரியது; முன்பு லேசர் ரேடியல் என்று பெயர்) 2012இல் வெள்ளி, 2016இல் தங்கம், டோக்கியோவில் வெண்கலம், 2024இல் மறுபடி தங்கம். எல்லோருக்கும் ஒரே அளவுப் படகு, ஒரே அளவுப் பாய் என்பதுதான் இந்த வகுப்பின் அழகு. படகைக் காட்டி யாரும் ஜெயிக்க முடியாது. ஆனால் படகு கெட்டால் கண்டிப்பாகத் தோற்கலாம். 35க்கும் 21க்கும் நடுவில் இருக்கிற அந்த மூன்று வருடத்தில் பயிற்சி இருக்கிறது, உடல் இருக்கிறது, காற்றைப் படிக்கிற அறிவு இருக்கிறது. தினமும் காலையில் கயிறும் பாயும் சுக்கானும் சரியாக இருந்ததும் இருக்கிறது. அந்தக் கடைசி வேலையைச் செய்கிறவர்கள் புள்ளிப் பட்டியலில் வருவதில்லை என்பதால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. கப்பலூர் லேத் பட்டறை அண்ணன், பூமில் பிய்ந்த ரிவெட்டை மாற்றும்போது, அலுமினியத்தில் ஸ்டீல் நேராகப் பட்டால் உப்புத் தண்ணீரில் அரித்துவிடும் என்று தானே சொல்லி நடுவில் பூச்சுக் கொடுத்தார். பஸ் பாடி கட்டுகிற ஃபைபர் தம்பிகள், ஈரம் முழுக்கக் காயாமல் ரெசின் தொட மாட்டோம் என்று பிடிவாதமாக நின்றார்கள். அந்தப் பிடிவாதத்துக்கு நன்றி. சென்னை வரை வண்டி ஓட்டிய அண்ணன், படகைக் கவிழ்த்து டயர் மேல் வைத்து, கயிறு வேண்டாம் பெல்ட் போடுங்கள் என்றார். டீ குடிக்க நிறுத்திய இடத்தில் எல்லாம் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாராம். லீவு கொடுத்த ஆசிரியர்கள், பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்லாதவர்கள், பழைய பாயைத் தேடி எடுத்துக் கொடுத்த மண்டபத்து நண்பர்கள், உங்கள் எல்லோருக்கும் நன்றி.

எங்கள் தரப்பில் ஒரு வாக்கு. இனி நம் பிள்ளைகளில் யாரும், ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் படகு ஓட்டுகிற சின்னவர்கள் உட்பட, ஒட்டுப் போடத் தெரியாமல் போட்டிக்குப் போக மாட்டார்கள். ஒவ்வொரு படகோடும் ஒரு பை போகும்: ஒட்டும் டாக்ரான், இரண்டு பக்க டேப், பாலியஸ்டர் நூல், 16ஆம் நம்பர் ஊசி, கை ஊசி, பிளேடு, பென்சில், உபரிப் பேட்டன் ஒன்று. சித்திரைத் திருவிழாத் தையல் வேலை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லித்தர அத்தா சம்மதித்திருக்கிறார். ஜிக்ஜாக் அக்காவும் மெஷினோடு வருகிறார். பழகுவதற்குத் துணி வேண்டும். உங்களிடம் கிழிந்த டாக்ரான் பாய் கிடந்தால் தார்ப்பாயாகப் போர்த்திவிடாமல் எங்களுக்குக் கொடுங்கள். உப்பை அலசிவிட்டுக் கொடுங்கள்.

அன்புடன்,
மதுரைப் பாய்மரப் பிள்ளைகளின் பெற்றோரும் பயிற்சியாளர்களும்