போன் பெட்டியில் ஒரு தேதி போடச் சொல்லுங்கள்

ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையில் பொறுப்பில் இருக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருப்பூரில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். செகண்ட்ஸ் போன் வாங்கி விற்பேன், சர்வீஸும் பார்ப்பேன். பதினோரு வருஷமாக இதுதான் தொழில். பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் நீங்கள் குழு அமைத்ததும், அந்த வருஷமே டிசம்பர் 24-ல் அதற்கென்று ஓர் இணையதளம் திறந்ததும், ஒரு பொருளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போடும் பழுதுபார்ப்புக் குறியீடு பற்றிய அறிக்கை 2025 மே மாதம் உங்கள் கைக்கு வந்ததும் எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிந்ததை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. போன சனிக்கிழமை என் கடையில் நடந்ததைச் சொல்லி, ஒரே ஒரு காரியம் கேட்கிறேன்.

இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு ஸ்மார்ட்போன் பெட்டியின் மேலும் இரண்டு தேதிகளை அச்சடிக்க வையுங்கள். இந்தப் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் எதுவரை வரும் என்பது ஒன்று. டிஸ்ப்ளே, பேட்டரி போன்ற உதிரிபாகங்கள் எதுவரை கிடைக்கும் என்பது இன்னொன்று.

சனிக்கிழமை இரவு எட்டரை மணி இருக்கும். எங்கள் ஊரில் பனியன் கம்பெனிகளுக்கு வாரச் சம்பளம் கொடுக்கிற நாள். செக்கிங் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் வந்தார். மகள் கோவையில் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள். விடுதிக்குக் கட்ட வேண்டியதில் 5,000 ரூபாய் குறைகிறது. போனைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நாள் பட்டன் போன் வைத்துக்கொள்கிறேன், எவ்வளவு வரும் என்று கேட்டார். மஞ்சப்பையிலிருந்து எடுத்து வைத்தார். பெட்டி, பில், சார்ஜர், சிம் பின், வாங்கிய அன்று கொடுத்த பிளாஸ்டிக் கவர் உட்பட எல்லாம் இருந்தது. இப்படி ஒரு போன் வந்தால் எங்களுக்கே சந்தோஷமாக இருக்கும். கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது.

ஆன் செய்தேன். திரையின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக் கோடு.

"கீழ விழவே இல்லீங்க தம்பி. தண்ணியும் படல. லீவுக்கு வந்தப்ப அப்டேட்னு ஒண்ணு வந்துச்சு, புள்ள அதை அமுத்துனா. காலைல எந்திரிச்சுப் பாத்தா இப்படி இருக்குது" என்றார்.

இந்தப் பச்சைக் கோடு உங்களுக்குப் புதிது இல்லை. அமோலெட் திரை போட்ட போன்களில் அப்டேட்டுக்குப் பிறகு கோடு விழுகிறது என்று நாடு முழுக்கப் புகார் வந்து, சில நிறுவனங்கள் சில மாடல்களுக்கு மட்டும் இலவசமாக டிஸ்ப்ளே மாற்றிக் கொடுத்தன. அக்காவின் மாடலுக்கு அப்படி எந்தச் சலுகையும் இல்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டிருக்கிறார். ஒரு வருஷ வாரண்டி முடிந்துவிட்டது, டிஸ்ப்ளே மாற்ற 9,200 ரூபாய், அதுவும் ஸ்டாக் இல்லை, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். நான் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்தேன். அப்டேட் பெறும் மாடல்களின் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. எடுத்துவிட்டார்கள். கோடு விழவைத்த அப்டேட்தான் அந்தப் போனுக்குக் கடைசி அப்டேட் போலிருக்கிறது.

அவர் அதை 2023 தீபாவளிக்கு வாங்கியிருக்கிறார். விலை 17,999 ரூபாய். மாதம் 1,500 ரூபாய் வீதம் பன்னிரண்டு தவணை, ஒன்றுகூடத் தவறாமல் கட்டியிருக்கிறார். திரை நன்றாக இருந்து அப்டேட்டும் வந்துகொண்டிருந்தால் நான் 6,500 ரூபாய் கொடுத்திருப்பேன். இப்போது உள்ளே இருக்கும் கேமராவுக்கும் போர்டுக்கும்தான் விலை. 1,500 ரூபாய் தர முடியும் என்றேன். சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

"ஒரு மாசத் தவணைக் காசுங்களா?" என்று கேட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பவே மூணு கிராம்ல தோடு எடுத்திருந்தா இப்ப அடகு வெச்சாவது கட்டியிருப்பேன். நான் என்ன தப்பு பண்ணினேன் தம்பி?" என்றார்.

அவர் எந்தத் தப்பும் பண்ணவில்லை. அவர் போன பிறகு பில்லை நினைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 17,999 ரூபாயில் ஜிஎஸ்டி மட்டும் ஏறக்குறைய 2,745 ரூபாய். அந்தப் போனுக்கு இன்று வருகிற விலை, அவர் அரசுக்குக் கட்டிய வரியைவிடக் குறைவு.

பழைய போன் விலை இறங்கத்தான் செய்யும் என்று நீங்கள் சொல்லலாம். அது எனக்கும் தெரியும். பேட்டரி தேயும், புது மாடல் வரும், அதற்கேற்ப விலை குறையும். அதில் எனக்குப் புகார் இல்லை. பைக்கும் அப்படித்தான் இறங்குகிறது. ஆனால் பைக் வாங்குகிறவருக்கு எட்டு வருஷம் கழித்தும் பிரேக் ஷூ கிடைக்கும் என்று தெரியும். போன் விலை படிப்படியாக இறங்குவதில்லை. அப்டேட் நின்ற செய்தி தெரிந்த வாரம் ஒரு பள்ளம், டிஸ்ப்ளே வரத்து நின்றதும் இன்னொரு பள்ளம். இந்த இரண்டு பள்ளமும் எங்கே இருக்கிறது என்பது நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரியும். வாங்குகிறவருக்கு மட்டும் தெரியாது.

நான் விலை போடும் முறையைச் சொல்கிறேன். முதலில் *#06# அழுத்தி, ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை எடுத்து, கேஒய்எம் என்று போட்டு அதோடு சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பித் திருட்டுப் போனா என்று பார்ப்பேன். அரசு செய்துகொடுத்த நல்ல வசதி அது, என்னைப் போன்றவர்களைப் பல வம்பிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. அப்புறம் செட்டிங்ஸுக்குள் போய்க் கடைசி பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம் என்று பார்ப்பேன். அதற்கு அப்புறம்தான் திரை, பேட்டரி, சார்ஜிங் பின் எல்லாம். அப்டேட் நின்று வருஷக் கணக்கான போனை என்னிடமிருந்து வாங்கிப் போகிறவர் அடுத்த வாரமே திரும்பி வருவார். பேங்க் ஆப் ஏறவில்லை என்பார். அந்தப் பயத்தில்தான் நாங்களும் விலையைக் குறைக்கிறோம். தேதி தெரிந்தால் இவ்வளவு குறைக்க மாட்டோம். இன்னும் இரண்டு வருஷம் ஓடும் என்று உறுதியாகத் தெரிகிற போனுக்கு இரண்டு வருஷ விலை கொடுக்க எனக்கு என்ன கஷ்டம்?

2018-ல் வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு 2024-ல் வந்த ஐஓஎஸ் 18 கிடைத்தது. அதனால்தான் ஆறு வயதான அந்தப் போனுக்கும் என் கடையில் ஆள் இருந்தது. கூகுள் 2023-ல் பிக்சல் 8-க்கு ஏழு வருஷம் அப்டேட் என்று சொல்லியே விற்றது. சாம்சங்கும் 2024-ல் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு ஏழு வருஷம் என்றது. ஆக, முன்கூட்டியே சொல்ல முடியும். விலை கூடிய போனுக்குச் சொல்கிறார்கள். பத்தாயிரம், பதினைந்தாயிரத்துக்கு வாங்குகிற போன்களில் பலவற்றுக்கு இரண்டு மூன்று வருஷத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது, அதையும் வெளியே சொல்வதில்லை. லட்ச ரூபாய் கொடுக்கிறவரின் போனுக்கு ஆயுசு நீளம், தவணை கட்டுகிறவரின் போனுக்கு ஆயுசு குறைவு. இது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இதற்குப் புதிதாகச் சட்டம் இயற்ற வேண்டாம். சட்டமுறை எடையளவு, பொட்டலப் பொருட்கள் விதிகள் 2011 உங்கள் துறையின் கையில்தான் இருக்கிறது. பெட்டியில் அதிகபட்ச விலை, தயாரித்த மாதமும் வருஷமும், எந்த நாட்டில் செய்தது, புகார் சொல்ல யாரைக் கூப்பிட வேண்டும் என்று எல்லாம் இருப்பது உங்களால்தான். அந்தப் பட்டியலில் இரண்டு வரி கூட்டுங்கள், போதும். இன்னொரு விண்ணப்பமும் உண்டு. 2022 ஜூலையில் மின்னணுப் பொருட்களுக்குச் சில விவரங்களை க்யூஆர் குறியீட்டில் கொடுத்தால் போதும் என்று ஒரு வருஷத்துக்குத் தளர்த்தினீர்கள். இந்தத் தேதிகளை அப்படி உள்ளே வைக்க விட வேண்டாம். எங்கள் அக்கா கண்ணால் பார்த்துப் படிக்கிற மாதிரி, எம்ஆர்பி போட்ட அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் இருக்கட்டும்.

மற்ற நாடுகள் செய்துவிட்டன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் பொருளைத் தயாரிக்கிறவர் பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எதுவரை வரும் என்று சொல்லியே ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் இன்னும் கடுமை. ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகு அப்டேட் ஐந்து வருஷம் தர வேண்டும், முக்கிய உதிரிபாகங்கள் ஏழு வருஷம் கிடைக்க வேண்டும். பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கின பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். அங்கே கடைப்பிடிக்கிற நிறுவனங்களில் பலவும்தான் இங்கேயும் விற்கின்றன. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் ஆப்பிள் நிறுவனத்துக்கு 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. அப்டேட் போட்டால் பழைய ஐபோன்கள் மெதுவாகலாம் என்பதை வாங்கியவர்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் குற்றம். சொல்லாமல் விட்டதையே அந்த நாடு குற்றமாக எடுத்துக்கொண்டது.

எழுத எழுதக் கோபம் வருகிறது, மன்னிக்க வேண்டும். சம்பளம் வங்கிக் கணக்கில், காஸ் பதிவு போனில், மகளின் உதவித்தொகைக்கு ஓடிபி, கல்லூரிக் கட்டணமே ஆன்லைனில். போன் இல்லாமல் ஓர் அரசு அலுவலகத்துக்கும் பதில் சொல்ல முடியாத நிலைக்கு நாட்டைக் கொண்டுவந்துவிட்டு, 2020 ஏப்ரலில் போனுக்கான ஜிஎஸ்டியை 12 சதவீதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். அது உங்கள் துறை இல்லை என்று தெரியும். ஆனால் கட்டுகிறவர் ஒருவர்தான். ஒவ்வொரு பண்டிகைக்கும் எக்ஸ்சேஞ்சில் இவ்வளவு கிடைக்கும் என்று பெரிய எழுத்தில் விளம்பரம் வருகிறது. வீட்டுக்கு வந்து பழைய போனைப் பார்க்கிறவர் ஏதாவது ஒரு குறை சொல்லிப் பாதியாகக் குறைக்கிறார். புதுப் போன் கைக்கு வரும் நேரம், யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஒரே போனைக் கொஞ்சம் மாற்றி நாலு மாதத்துக்கு ஒரு பெயரில் விடுகிறார்கள். ஒன்றின் டிஸ்ப்ளே இன்னொன்றுக்குச் சேராது. என் கடை அலமாரியில் எந்தப் போனுக்கும் பொருந்தாத காம்போ, அதாவது டச் கண்ணாடியோடு சேர்ந்த டிஸ்ப்ளே, முப்பது நாற்பது கிடக்கிறது. காப்பி டிஸ்ப்ளே போட்டுக் கொடுத்தால் நிறம் மங்கல், விரல்ரேகை வேலை செய்யாது, பேட்டரி சீக்கிரம் இறங்கும். கடைசியில் வாடிக்கையாளர் என்னைத்தான் திட்டுவார். ஒரிஜினல் எனக்குத் தர மாட்டார்கள், அவர்களிடமும் ஸ்டாக் இருக்காது. நான் என்னதான் செய்வது?

நீங்கள் திறந்த இணையதளத்தில் சர்வீஸ் சென்டர் விவரங்கள் இருக்கின்றன. அக்காவின் மாடலுக்கு டிஸ்ப்ளே எத்தனை நாளில், எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும் என்பதை அதில் தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை. பழுதுபார்ப்புக் குறியீட்டு மதிப்பெண் நல்ல யோசனைதான். அதை எதிர்த்து நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் என் கைக்கு வந்த ஒரு பெட்டியிலும் அதை இன்னும் பார்க்கவில்லை. மதிப்பெண் எப்படிப் போடுவது என்று நிறுவனங்களோடு பேசி முடிக்க நாளாகலாம். தேதி போட என்ன ஆய்வு வேண்டும்? பால் பாக்கெட்டில் இருக்கிறது, பத்து ரூபாய் மாத்திரை அட்டையில் இருக்கிறது. 17,999 ரூபாய்ப் பெட்டியில் இல்லை.

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்து கம்பெனியில் தங்கி வேலை செய்யும் பையன்கள். ஐந்தாயிரம், ஆறாயிரத்துக்கு ஒரு போன் எடுத்து ஊருக்கு, அம்மாவுக்கு அனுப்புவார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. "கித்னா தின் சலேகா, பையா?" எத்தனை நாள் ஓடும்? பதினோரு வருஷமாக நான் குத்துமதிப்பாகத்தான் பதில் சொல்கிறேன். சில நேரம் அது தப்பாகிறது. அப்போது அவன் அம்மாவின் பணம் போகிறது.

அக்கா அன்று போனை விற்கவில்லை. மறுபடி பையில் வைத்துக்கொண்டார். கம்பெனியில் முன்பணம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். மகளுக்குப் பாடத்துக்கு ஒரு நல்ல போன் வேண்டுமாம், பொங்கல் கழித்து என்னிடமே வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார். "இந்தத் தடவை எத்தன வருசம் வரும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவருக்கு நான் பார்த்துச் சொல்லப் பெட்டியில் ஒரு தேதி வேண்டும். அதைப் போடச் சொல்லி ஆணையிடும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. தயவுசெய்து போட வையுங்கள்.

மரியாதையுடன்,
திருப்பூரிலிருந்து ஒரு செகண்ட்ஸ் போன் கடைக்காரன்