யானைமலையை எந்த அளவில் மாட்டுவது?

திருவான்மியூர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும், நெகட்டிவ் அளவிலேயே போட்ட கான்டாக்ட் பிரிண்ட்டுகளும் முந்தாநாள் வந்து சேர்ந்தன. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போடச் சொல். சின்னவள் பத்தாவதுக்குப் போய்விட்டாள், வீட்டில் டி.வி. சத்தம் அடங்கியிருக்கிறது.

மதுரை யானைமலையிலும் சமணர் மலையிலும் நீ எடுத்த பன்னிரண்டு படங்களையும் சமையல் மேடையில் பரப்பி, லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு ராத்திரி வெகுநேரம் பார்த்தேன். சமணர் மலைச் செட்டிப்புடவுப் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரரின் முழங்காலுக்குக் கீழே உளி பட்ட தழும்பு ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிறது. மனசு நிறைந்துவிட்டது.

பள்ளிக்கூட ஹாலில் மாட்ட எல்லாவற்றையும் 32-க்கு 40 இஞ்ச் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். நெகட்டிவ் தாங்குமா என்றால், தாராளமாகத் தாங்கும். உன் கேமராவின் 4-க்கு 5 இஞ்ச் நெகட்டிவை 16-க்கு 20 ஆக்கினால் நான்கு மடங்குதான். 35 எம்.எம். ஃபிலிமிலிருந்து ஸ்டுடியோவில் போட்டுத் தருவார்களே, 4-க்கு 6 ஆல்பம் பிரிண்ட், அதுவும் ஏறக்குறைய அதே நான்கு மடங்கு. 32-க்கு 40 என்றால் எட்டு மடங்கு. அப்போதும் ஃபிலிமின் புள்ளிகள், அதாவது கிரெயின், கண்ணை உறுத்தாது. ஆனால் நெகட்டிவ் தாங்குகிறது என்பதற்காகப் பெரிதாக்காதே. பார்க்க வருகிறவர் எங்கே நிற்பார் என்பதிலிருந்து தொடங்கு.

ஒரு படத்தின் மூலைக்கு மூலை எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு தூரத்தில் நின்றால் முழுப் படமும் கண்ணுக்குள் வரும். 32-க்கு 40-க்கு அது நாலேகால் அடி. அப்புறம் ஆள் தானாகவே முன்னால் நடந்து வந்து, மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று உற்றுப் பார்ப்பார். இவ்வளவு பெரிய நெகட்டிவ் எடுக்கிற கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறுவதே அந்த இரண்டாவது பார்வைக்காகத்தான். அங்கே பார்க்க ஏதாவது இருக்கிற படத்தை மட்டும் பெரிதாக்கு.

ராமநாதபுரம் பக்கம் நான் எடுத்த பனங்காடு உனக்கு ஞாபகம் இருக்கும். 11-க்கு 14-இல் மரங்களுக்கு இடையிலிருந்த இருட்டு கனமாக, ஈரமாக இருந்தது. அதையே 32-க்கு 40 போட்டபோது, அந்த இருட்டு முழ நீளத்துக்கு வெறும் கறுப்பாகக் கிடந்தது. கூர்மை குறையவில்லை, காடுதான் காணாமல் போயிற்று. மறுபக்கம் ஜெர்மன் புகைப்படக் கலைஞர் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி 1999-இல் செய்த ரைன் நதிப் படத்தைப் பார். மூன்று மீட்டருக்கு மேல் அகலம். புல், ஆறு, புல், வானம் என்று வெறும் பட்டைகள். உடம்பைச் சூழ்கிற அந்த அளவு இல்லாவிட்டால் அது படமாகவே நிற்காது.

ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லினேயஸ் ட்ரைப் 1858-இல் மதுரைக்கு வந்து யானைமலையையும் எடுத்திருக்கிறார், தெரியுமா? பெரிய நெகட்டிவை நேராகத் தாளில் வைத்து வெயிலில் அச்சிட்ட காலம். நெகட்டிவ் என்ன அளவோ, படமும் அதே அளவு. அப்படிப்பட்டவர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளுக்கு 21 படங்களை ஒட்ட வைத்து, சுமார் 19 அடி நீளத்துக்குக் கொண்டுபோனார். கல்வெட்டைப் பக்கத்தில் நின்று, நடந்துகொண்டே படிக்க வேண்டும். அதற்கு எது தேவையோ அதை அவர் செய்தார்.

அதனால் என் யோசனை இது. யானைமலை ஒன்றை மட்டும் 32-க்கு 40 போட்டு, கடைசிச் சுவரில் தனியாக மாட்டு. தாமரைக் குளமும் ஆலமரமும் 16-க்கு 20 போதும். சமணர் மலைப் பேச்சிப்பள்ளத்து வட்டெழுத்துக் கல்வெட்டை 8-க்கு 10-க்கு மேல் கொண்டுபோகாதே. கடிதம் படிப்பது போல ஆள் குனிந்து படிக்கட்டும். கடையில் 30-க்கு 40 பேப்பர்தான் இருக்கிறது என்பார்கள். நம் நெகட்டிவின் நீள அகல விகிதம் வேறு, ஓரத்தில் வெட்டுப்படும். வாங்கி வராதே. முடிவெடுக்கும் முன் செய்தித்தாளை அந்தந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, ஒரு வாரம் போகவும் வரவும் பார்.

உயரத்துக்கு, படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 இஞ்ச் என்பது காலரிகளில் வழக்கம். உன்னுடையது பள்ளிக்கூட ஹால். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் பார்க்க வேண்டும். 48-க்கு இறக்கிவிடு. ஜன்னலுக்கு நேர் எதிரே எதையும் மாட்டாதே, கண்ணாடியில் ஜன்னல்தான் தெரியும்.

ஃபிரேம் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. அந்த 11-க்கு 14 பனங்காட்டை ஃபிரேம் போட்டவர் படத்தைச் சுற்றி வைக்கிற மவுண்ட் அட்டையை வைக்காமல் பிரிண்ட்டைக் கண்ணாடியோடு அழுத்தி மூடிவிட்டார். இரண்டு மழைக்காலம், கடற்காற்று. கழற்றினால் வரவில்லை. தண்ணீரில் ஊறவைத்து மெல்ல இழுத்தேன். பனையின் தலை கண்ணாடியிலும் அடிமரம் தாளிலுமாகப் பிரிந்து வந்தது. எனக்கு இன்றும் ஆறவில்லை. அமிலமில்லாத அட்டையில் ஜன்னல் வெட்டச் சொல், கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி தானாகக் கிடைக்கும். பின்பக்கம் டபுள் டேப் வேண்டாம். மேல் விளிம்பில் இரண்டு துண்டு ஜப்பானியத் தாள், மாவுப் பசை, அவ்வளவுதான்.

யானைமலை நெகட்டிவைத் தபாலில் அனுப்பாதே, நீயே எடுத்துக்கொண்டு வைகை எக்ஸ்பிரஸில் வா. எட்டு மடங்குக்கு, நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டுகிற இன்லார்ஜரைத் திருப்பிச் சுவரில் விழவைக்க வேண்டும். ஃபைபர் பேப்பர் ரோல் இருக்கிறது. பி.வி.சி. குழாயை நெடுக்காகப் பிளந்து தொட்டி செய்து வைத்திருக்கிறேன். ஒருவர் சுருட்ட, இன்னொருவர் விரிக்க, இப்படியே டெவலப்பர் கரைசலில் பேப்பரை ஓட்ட வேண்டும். நான்கு கை இல்லாமல் நடக்காது. காய்ந்தால் ஒரு சாயல் கறுக்கும், அதனால் மறுநாள் பகலில் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வா.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்