பூவுக்குப் பின்னால் ஏன் கறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

மே மாத மலர்க் கண்காட்சி வந்தால் நீலகிரியில் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டிகளும் வந்துவிடும். அப்படி ஒரு போட்டியில் பரிசு வாங்கிய படங்களைப் பார்த்தேன். பூக்கள் அருமை. பின்னணிதான் எல்லாவற்றிலும் ஒன்றே: பூவைச் சுற்றிக் கறுப்போ அடர் நீலமோ அப்பியிருந்தது. வெள்ளை இடம் விட்டால் மார்க் குறையும் என்று சொல்லி அனுப்புகிறார்களாம். போஸ்டர் கலருக்கு அது சரி. வாட்டர் கலரில் பூ ஸ்டிக்கர் ஒட்டியதுபோல நிற்கும்.

நம் ஓடைக்கரைகளில் பூக்கும் வெள்ளைக் கல்லா லில்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வெள்ளை வண்ணம் தேவையில்லை. தாளின் வெள்ளைதான் பூ. அதை எடுத்துக் காட்டுவது பின்னணி. பூவின் விளிம்பு வரை சுத்தமான தண்ணீர் தடவி, தாள் பளபளக்கும்போதே சாப் கிரீன் என்ற இலைப்பச்சையையும் அல்ட்ராமரின் நீலத்தையும் தொட்டு வைக்கச் சொல்வேன். இரண்டும் தாமாகப் பரவி, ஓரம் கரைந்து, தூரத்து இலைகளாகிவிடும். பச்சை கண்ணைக் குத்தினால் துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைச் சேர்க்கலாம். நன்றாகக் காய்ந்த பிறகு, அடர்ந்த பச்சையை எடுத்து இலைகளை விட்டுவிட்டு அவற்றின் இடுக்குகளை மட்டும் தீட்ட வேண்டும். முதல் பூச்சில் இருந்த இலைகள் அப்போது முன்னே வரும். இன்னொரு தரம் செய்தால் இன்னும் ஆழம். நன்றாக இருட்ட வேண்டிய இடம், மடலின் வெளிச்ச ஓரத்தை ஒட்டிய இடம் மட்டுமே.

இதெல்லாம் புத்தக வித்தை இல்லை. குன்னூர் டால்பின் நோஸ் காட்சிமுனையில் நின்று பாருங்கள்: கிட்டத்து மலை பச்சை, அடுத்தது நீலம், அதற்கும் அப்பால் வெளிறிய சாம்பல், விளிம்பும் மங்கிக்கொண்டே போகும்.

ஆனால் சார்ட் பேப்பரைக் கொடுத்து ஒரு மணி நேரத்தில் முடி என்றால் பிள்ளை என்ன செய்யும்? தண்ணீர் பட்டதும் தாள் மேடு பள்ளமாகி, வண்ணம் பள்ளத்தில் தேங்கும். நம் ஊர் ஈரக் காற்றில் லேசில் காயவும் செய்யாது. அரைகுறை ஈரத்தில் மறுபடி பிரஷ் வைத்தால் திட்டுத்திட்டாகிவிடும். அப்புறம் அதை மறைக்கக் கறுப்புதான் கதி.

போட்டி நடத்துகிறவர்கள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள தாள் கொடுக்கட்டும். ஒரு முழுத் தாளை நான்காக வெட்டினால் நாலு பிள்ளைகளுக்கு ஆகும். நேரம் இரண்டு மணியாவது வேண்டும். பின்னணியை முழுக்க நிரப்பினால்தான் மார்க் என்ற வழக்கத்தையும் நடுவர்கள் விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
குன்னூர்.