பழைய டயர் இயந்திரத்தின் ஆபத்து காற்றில்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய டயர் கழற்றும் இயந்திரங்களை எல்லாம் காயலான் கடைக்குப் போட்டுவிட வேண்டும் என்று வாசகர் ஒருவர் தங்கள் இதழில் எழுதியிருந்தார். டயர் வேலையிலேயே காலம் கழித்த எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த இயந்திரங்களின் உடம்பு கெட்டியானது. புதிது வாங்க வசதியில்லாத சிறு பணிமனைகள் அவற்றை நம்பித்தான் பிழைக்கின்றன. ஆளைக் காவு கேட்கும் இடங்கள் அதில் இரண்டு மூன்றுதான். அவற்றைச் சரிசெய்ய முடியும்.

முதல் இடம், காற்று. டயரை ரிம்மில் ஏற்றியதும் அதன் விளிம்பு 'டப்' என்ற ஓசையோடு போய் உட்கார வேண்டும். இதற்காக 40 பவுண்டுக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் என்பது கணக்கு) மேல் காற்று ஏற்றக் கூடாது என்று கார் டயர்கள் பலவற்றின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். கம்பிரசர் டேங்கிலோ 120, 150 பவுண்ட் நிற்கிறது. பல பழைய இயந்திரங்களில் இவ்விரண்டுக்கும் நடுவே, காற்று ஏற்றும் பெடலை மிதிப்பவரின் நிதானத்தைத் தவிர வேறு தடுப்பே கிடையாது. 16 அங்குல ரிம்மின் வட்டப் பரப்பு ஏறக்குறைய 200 சதுர அங்குலம். 40 பவுண்ட் காற்றிலேயே அந்தப் பரப்பில் மூன்றரை டன் எடைக்கு நிகரான விசை அழுத்துகிறது. விளிம்பு இன்னும் உட்காரவில்லையே என்று மேலும் மிதித்தபடி குனிந்து பார்ப்பவரின் முகத்துக்கு நேராகத்தான் டயர் வெடிக்கிறது. 16 அங்குல டயரைத் தவறுதலாக 16.5 அங்குல ரிம்மில் மாட்டிவிட்டால் எவ்வளவு காற்று அடித்தாலும் விளிம்பு சரியாக உட்காராது. இரண்டின் அளவையும் படித்துப் பார்த்த பிறகே காற்றுக் குழாயைத் தொட வேண்டும்.

இதற்கு மாற்று எளியது. காற்று ஏற்றும் வழியைப் பெடலிலிருந்து பிரித்துவிடுங்கள். டயருக்குப் போகும் குழாயில் 40 பவுண்டைத் தாண்டவிடாத ரெகுலேட்டர் ஒன்று. அது பழுதானாலும் காற்றை வெளியேற்றிவிடும் பாதுகாப்பு வால்வு ஒன்று. டயர் வால்வில் தானாகக் கவ்வி நிற்கும் முனையைப் பொருத்தி, மூன்று மீட்டர் தள்ளி, கேஜும் திறப்பானும் கைக்கு வருமாறு குழாயை நீட்டிவிட்டால் ஆள் டயர் மீது குனிய வேண்டிய வேலையே இல்லை. நான் வற்புறுத்துவது இதைத்தான். வேறு எதற்கும் பணம் இல்லாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்துவிட வேண்டும்.

அடுத்தது, டயர் விளிம்பை அழுத்தி ரிம்மிலிருந்து பிரிக்கும் இரும்பு அலகு. அதைத் தள்ளும் 8 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் 120 பவுண்ட் காற்று புகுந்தால் இரண்டரை டன்னுக்கு மேல் விசை பிறக்கிறது. அலகை இயக்கும் பெடல் மூடியில்லாமல் தரையோடு கிடக்கிறது. கை நழுவிய லீவர் விழுந்தாலும் போதும், அலகு பாய்ந்துவிடும். பெடலுக்கு மேல் தகட்டில் ஒரு கவசம் பற்றவைத்து, தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். டயரில் மிச்சக் காற்று இல்லாதபடி வால்வு பின்னைக் கழற்றாமல் அலகின் பக்கம் போகவே கூடாது. பழுது பார்க்கும்போது கம்பிரசர் இணைப்பை அடைத்து, உள்ளே தங்கிய காற்றையும் வெளியேற்றும் வகை வால்வு ஒன்று இயந்திரத்துக்குள் காற்று நுழையும் இடத்தில் அவசியம்.

தேய்ந்த கவ்விகளை மாற்றுவதும், காற்று வடிகட்டியில் தேங்கும் நீரை வடிப்பதும் எல்லோரும் அறிந்தவைதான். ஆனால் விளிம்பு உட்காராத டயருக்குள் எரியும் திரவத்தை ஊற்றிப் பற்றவைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அதைத் திறமை என்று இளைஞர்களுக்குக் காட்டுவதை மூத்தவர்கள் நிறுத்த வேண்டும். பல துண்டுகளைக் கோத்து மாட்டும் லாரி ரிம்களை இந்த இயந்திரத்தில் வைத்துக் காற்று அடிக்கவே கூடாது. இரும்புக் கூண்டுதான் அவற்றுக்குரிய இடம்.

பழைய இயந்திரங்களைப் புதுப்பித்து விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெயிண்ட் அடிப்பதற்கு முன்பு ரெகுலேட்டர், பாதுகாப்பு வால்வு, பெடல் கவசம் மூன்றையும் பொருத்துங்கள். அவற்றின் செலவை விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்குபவர்களும் இவை இல்லாத இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
டயர் பணிமனை வாசகர்