பாரம் சுமப்பவர்கள் வரக்கூடிய நேரத்தில் கூடுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் மாத முதல் வெள்ளி, கிறிஸ்தவப் பெண்கள் சபை வேறுபாடின்றிக் கூடி ஜெபிக்கும் உலக ஜெப நாள். 2026-இல் அது மார்ச் 6. முந்தின இரவு எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆராதனைப் புத்தகங்களுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருந்தோம். உதவிக்கு வந்தவர் தெருக்கோடி வீட்டுத் தங்கை. ஓசூரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறார். விடிகாலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி வேன் ஏறினால், வீடு திரும்ப இரவு ஏழரை ஆகும்.

இவ்வாண்டு ஆராதனை முறையை எழுதியவர்கள் நைஜீரியப் பெண்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட வேத வசனம், "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்." பின் அடித்துக்கொண்டே அதைப் படித்த தங்கை, "எனக்கென்றே எழுதியது போல இருக்கிறதே, அக்கா" என்றார். மறுநாள் பகல் 11 மணிக்கு நாங்கள் அதை வாசித்தபோது அவர் தையல் இயந்திரத்தின் முன் இருந்தார்.

இந்த நாளின் அருமை தெரிந்தே சொல்கிறேன். 1887-இல் அமெரிக்காவில் பிரெஸ்பிடேரியன் சபைப் பெண்கள் தொடங்கிய ஜெப நாள், 1927 முதல் உலக நாளானது. ஆண்டுக்கொரு நாட்டுப் பெண்கள் எழுதுகிறார்கள்: 2024-இல் பாலஸ்தீனம், 2025-இல் குக் தீவுகள். அறிந்து ஜெபிப்பதும், ஜெபித்துச் செயல்படுவதுமே இதன் நோக்கம். கிருஷ்ணகிரியில் லுத்தரன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கப் பெண்கள் ஒரே பாயில் அமர்வது இந்த ஒரு நாளில்தான். நாங்கள் 'ஜெபம்' என்போம், கத்தோலிக்கர்கள் 'செபம்' என்பார்கள். இம்முறை கத்தோலிக்கச் சகோதரி ஒருவர் அதே வசனத்தைத் தங்கள் விவிலியத்திலிருந்து, "பெருஞ்சுமை சுமந்து சோர்ந்திருப்பவர்களே" என்று வாசித்தார். சிறுவயதில் மாதா கோயில் வாசலைக்கூட மிதிக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட எனக்குக் கண் நிறைந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல் ஓய்வுபெற்றவர்கள், போதகர்களின் மனைவியர், வீட்டில் இருப்பவர்கள். மாந்தோப்புக் கூலிக்குப் போகிறவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், பஸ் நிலையத்தில் பூ விற்பவர்கள் ஒருவரும் இல்லை. நானும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்த முப்பத்தோரு ஆண்டுகளில் ஒரு முறைகூட இதற்கு வந்ததில்லை. வெள்ளிக்கிழமை பகலில் யார் விடுப்புத் தருவார்கள்?

மாலைக்கு மாற்றலாமே என்றால், ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளியில் கத்தோலிக்கர்களுக்கு, இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் சிலுவைப் பாதை வழிபாடு இருக்கிறது. அது முடிந்து தொடங்கினால் கிராமத்துப் பெண்களுக்குத் திரும்பிப் போகப் பஸ் இருக்காது. ஆகவே ஞாயிறு மாலை 4 மணியைக் கேட்கிறேன். உலகம் முழுவதும் ஒரே நாளில் ஜெபிக்கும் ஒழுங்கு குலைந்துவிடும் என்று பெரியவர்கள் சிலர் வருந்துகிறார்கள். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. வெள்ளியன்று ஓய்வாக இருக்கும் நாங்கள் அரை மணி நேரம் கூடி ஜெபித்துக்கொள்கிறோம். முழு ஆராதனையும் ஞாயிறன்று நடக்கட்டும். அன்று சமையலையும் பிள்ளைகளையும் வீட்டு ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

2027-இல் முதல் வெள்ளி மார்ச் 5. அதை அடுத்த ஞாயிறு மார்ச் 7. சபைகளின் பெண்கள் ஐக்கியப் பொறுப்பாளர்களும் போதகர்களும் பங்குத்தந்தையரும் இக்கடிதத்தைப் படிப்பார்கள் என்று நம்பி, இந்தத் தேதியை இப்போதே குறித்துவைக்குமாறு வேண்டுகிறேன். அன்று வேத வாசிப்புக்கு எங்கள் தெருக்கோடித் தங்கையின் பெயரைக் கொடுக்கப்போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.